மூச்சுவிடுவதாகச் சொல்லப்படும் துணி

துணி மூச்சுவிடாது. இதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. ஆனால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக, முதலில் மலையேறிகளுக்கும் பனிச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கும், பிறகு ராணுவத்துக்கும், கடைசியாகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற நகரவாசிக்கும் விற்கப்பட்டு வருகிற ஒருவகை மேலங்கியின் சீட்டில் இரண்டு சொற்கள் ஜோடியாகவே இருந்து வந்திருக்கின்றன: 'நீர்புகாதது', 'மூச்சுவிடுவது'. முதல் சொல் தடுப்பு; இரண்டாவது அனுமதி. ஒரே பரப்பு ஒரே நேரத்தில் மூடியும் திறந்தும் இருக்கும் என்கிற வாக்குறுதி இது. வெளியிலிருக்கும் நீர் உள்ளே வரக் கூடாது, உள்ளிருக்கும் நீர் வெளியே போக வேண்டும். இரண்டும் நீர்தான், ஆனால் ஒன்று 'மழை', மற்றது 'வியர்வை'. ஒன்றை இயற்கை என்கிறோம், மற்றதை உடல் என்கிறோம். இந்தப் பிரிவினை எங்கே, யாரால், என்ன விலைக்குக் கட்டமைக்கப்பட்டது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ஜாக்கெட் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் மன்னிக்கவும்.

இந்தத் துணியின் வரலாற்றைச் சொல்லி வந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனிக்காரர்கள், அல்லது கம்பெனி விளம்பரத்தில் வயிறு வளர்க்கிற மலையேற்றப் பத்திரிகைக்காரர்கள். அவர்கள் சொல்கிற கதை நேர்க்கோட்டில் போகும். ஆதியில் மனிதன் நனைந்தான். 1823இல் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அவனை ரப்பரால் மூடினார். மூடியதில் அவன் வியர்த்தான். 1969இல் ஒரு அமெரிக்கர் அந்த வியர்வைக்கும் வழி கண்டுபிடித்தார். சுபம். முன்னேற்றம் பற்றிய எல்லாப் பெருங்கதையாடல்களையும் போலவே இதிலும் சொல்லப்பட்டவை பெரும்பாலும் உண்மை. சொல்லாமல் விட்டவைதான் விஷயம்.

*

ஸ்காட்லாந்துக்காரர் கிளாஸ்கோவின் சார்லஸ் மாக்கின்டாஷ். நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் வாயு எடுத்த ஆலைகளில் தார் கழிவாக மிஞ்சியது. அந்தத் தாரை விலைக்கு வாங்கி, அதிலிருந்து வேறு ரசாயனங்கள் எடுத்துக்கொண்டிருந்தார் அவர். தாரைக் காய்ச்சும்போது வருகிற நாப்தாவில் ரப்பர் கரைந்தது. (நாப்தாவில் ரப்பர் கரையும் என்பதை 1818இலேயே எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற மருத்துவ மாணவர் கண்டிருந்தார். அவர் காப்புரிமை வாங்கவில்லை, பின்னாளில் பேர்பெற்ற அறுவை மருத்துவர் ஆகிவிட்டார்.) கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவில் தடவி ஒட்டினார் மாக்கின்டாஷ். 1823இல் காப்புரிமை. தயாரிப்பு மான்செஸ்டரில், பருத்தி ஆலைக்காரர்களின் கூட்டோடு. அந்தப் பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. ரப்பர் தென் அமெரிக்கக் காட்டு மரங்களில் வடிந்தது. அங்கே மரப்பாலைத் துணியில் பூசி நீர்புகாமல் ஆக்குவது பூர்வகுடிகளின் பழைய வித்தை. பிரெஞ்சுக்காரர் லா கோன்தமீன் 1736இல் கீட்டோவிலிருந்து பாரீஸ் அகாதெமிக்கு ரப்பர் மாதிரிகளை அனுப்பியதிலிருந்து ஐரோப்பாவுக்கும் அது தெரிந்த சங்கதிதான். ஆக, 'கண்டுபிடிப்பு' என்பது இந்த இடத்தில் ஒரு கரைப்பானையும் ஒரு காப்புரிமைப் பத்திரத்தையும் குறிக்கிறது.

அந்தக் கோட்டு எப்படி இருந்தது? குளிரில் பலகை மாதிரி விறைத்தது. வெயிலில் பிசுபிசுத்தது. நாற்றம் வேறு. தையல்காரன் ஊசி போட்ட இடமெல்லாம் ஒழுகியது. எல்லாவற்றுக்கும் மேல், போட்டுக்கொண்டு கொஞ்சதூரம் வேகமாக நடந்தால் உள்ளேயே மழை பெய்தது. விறைப்புக்கும் பிசுபிசுப்புக்கும் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறை தீர்வானது. அமெரிக்காவில் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் அவருடைய மாதிரித் துண்டுகளைப் பார்த்துவிட்டிருந்த தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டு 1843இலேயே விண்ணப்பித்தார். ஒழுகலுக்கும் நாற்றத்துக்கும் வழிபிறந்தது. வியர்வைக்குப் பிறக்கவில்லை. உள்ளே வியர்க்கிற உடல் கோட்டுக்கு வெளியே பிரச்சினையாகத் தெரியாததும் காரணமாக இருக்கலாம். வண்டியில் உட்கார்ந்து போகிற கனவானுக்கு மழைதான் எதிரி. ஏறி இறங்கிச் சுமக்கிறவனுக்கோ இரண்டும் எதிரி. நீர்புகாத கோட்டு முதலில் யாருடைய உடலை உத்தேசித்து வெட்டப்பட்டது என்பதற்கு இதுவே சாட்சி.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. பின்னால் மலாயாவில் எழுந்த தோட்டங்களில் கங்காணி பிடித்துக்கொண்டுபோன தமிழர்கள் பால்வெட்டினார்கள். அந்த ரப்பரில் பெரும்பங்கு டயருக்குத்தான் போனது, மழைக்கோட்டுக்கு என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு சின்ன விஷயம் மனசில் நிற்கிறது. மழையில் பால்வெட்டு நடக்காது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடிக் கிண்ணத்தில் விழாது. பட்டையெல்லாம் பரவி வீணாகும். உலகத்தையே மழைக்கு மூடிய பொருள் பிறக்கிற இடத்தில், ஒரு தூறல் வந்தால் வேலை நின்றது.

*

நேர்க்கோட்டுக் கதையில் 1823க்கு முன்னால் வெறும் இருட்டு. அந்த இருட்டில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அலாஸ்காவின் தென்மேற்கில் அல்யூஷன் தீவுகளில் உனாங்கன் மக்கள், அதற்கு வடக்கே யூப்பிக் மக்கள், இன்னும் வடக்கே இனூயிட் குடிகள் - இவர்களெல்லாம் கடற்சிங்கம், சீல், வால்ரஸ், கரடி முதலியவற்றின் குடலிலிருந்து மழைச்சட்டை தைத்தார்கள். ரஷ்யர்கள் அதைக் 'கம்லெய்க்கா' என்றார்கள். குடலைக் கழுவி, உள்ளும் புறமும் சுரண்டி, ஊதிக் காயவைத்து, நீளவாக்கில் கீறினால் கைப்பிடி அகலத்தில் ஒளி ஊடுருவும் நாடா கிடைக்கும். நாடாக்களைப் படுக்கைவாட்டிலோ நெடுவாட்டிலோ இணைத்து, விலங்கின் தசைநாணைத் திரித்த நூலால் தைப்பார்கள். மடித்த விளிம்பில் ஊசி முழுவதுமாகத் துளைக்காமல் போகிற தையல். நூலும் நனைந்ததும் உப்பி, இருக்கிற துளையையும் அடைத்துவிடும். தையல்துளை ஒழுகுகிறதே என்று மான்செஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த பிரச்சினை இது. இதைத் தைத்தவர்கள் பெண்கள். அவர்கள் பேர் எந்தக் காப்புரிமைப் பத்திரத்திலும் இல்லை.

தோல்படகில் துடுப்புப் போடுகிறவனுக்கு இந்தச் சட்டை ஆடை மட்டும் அல்ல, படகின் ஒரு பாகமும்கூட. அலை தலைக்கு மேல் போனாலும் உள்ளே தண்ணீர் இறங்கக் கூடாது. அதேசமயம் மணிக்கணக்கில் துடுப்புப் போட்டு வியர்க்கிற உடல் உள்ளேயே நனைந்துபோனாலும் சாவுதான். அந்தக் குளிரில் ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நீரைத் தடுத்து ஆவியை விட வேண்டும் என்ற கேள்வி, கேள்வியாகவே எழுதப்படாமல், விடையாகத் தைக்கப்பட்டிருந்தது. குடல்சவ்வு கொலாஜென் என்ற புரதத்தால் ஆனது. அது நீரை விரும்பும் பொருள். ஆவி ஒருபக்கம் அதில் தோய்ந்து, சவ்வுக்குள்ளேயே ஊர்ந்து, மறுபக்கம் வெளியேறும். நீர் ஒழுகிப் போவதற்குத் திறந்த துளை கிடையாது. குடலில் அடைத்த இறைச்சியை ஐரோப்பியர்கள் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்களே, உள்ளிருக்கும் ஈரம் உறையைக் கடந்து போவதால்தான் அது காய்கிறது. அதே சங்கதி. இதை நினைவில் வையுங்கள், கொஞ்சநேரத்தில் தேவைப்படும்.

1741இல் பேரிங்கின் பயணத்துக்குப் பிறகு ரஷ்ய வேட்டை வியாபாரிகள் அந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். கடல்நீர்நாயின் ரோமத்துக்காக உனாங்கன் ஆண்கள் கட்டாயமாகப் படகில் அனுப்பப்பட்டார்கள். நோயிலும் வன்முறையிலும் அவர்கள் தொகை சரிந்தது. அதே காலத்தில் ஐரோப்பிய அதிகாரிகள் போடுகிற அடுக்குத் தோள்மூடி வைத்த மேலங்கியின் வெட்டில், குடல்சவ்விலேயே, நுணுக்கமான வேலைப்பாட்டோடு அங்கிகள் தைக்கப்பட்டன. அவற்றில் சில இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. தன் குளிருக்கு விடைகண்ட கை, எசமானனின் கோட்டு வடிவத்தைத் தன் பொருளில் எழுதிப் பார்த்திருக்கிறது. காலனியம் குறித்து எழுதுகிறவர்கள் 'போலச்செய்தல்' என்று பேசுவதற்கு இதைவிட நல்ல பிரதி அகப்படாது.

1825இல் ஜான் ஃபிராங்க்ளின் ஆர்க்டிக் பயணம் போனபோது மாக்கின்டாஷின் ரப்பர்த் துணிச் சாமான்களை எடுத்துப்போனார் என்பதையும் போகிறபோக்கில் குறித்துக்கொள்கிறேன்.

*

இடையில் ஒரு நூற்றாண்டை வேகமாகத் தாண்டலாம். 1879இல் பேசிங்ஸ்டோக்கின் தாமஸ் பர்பரி, நூலை நெய்வதற்கு முன்பே நீர்விலக்கும் பொருளில் தோய்த்து நெருக்கி நெய்த கபார்டீனைக் கொண்டுவந்தார், 1888இல் காப்புரிமை. தென்துருவத்துக்குப் போன ஆமுண்ட்செனும் ஸ்காட்டும் அதைத்தான் அணிந்தார்கள். காற்றுக்கும் பனித்தூளுக்கும் போதும், கொட்டுகிற மழைக்குப் போதாது. இரண்டாம் உலகப்போரின்போது மான்செஸ்டர் ஷர்லி ஆய்வுநிலையத்தில் 'வென்டைல்' உருவானது. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தால், நனைந்ததும் இழைகள் உப்பி நெசவின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். நனைந்த தசைநாண் நூல் ஊசித்துளையை அடைத்த அதே உபாயம், துணி முழுவதற்கும். ஆர்க்டிக் கடலில் சரக்குக் கப்பல் வரிசைகளைக் காக்கக் கப்பலிலிருந்து விசையால் எறியப்பட்ட விமானங்களின் ஓட்டிகள், திரும்பி இறங்க இடமில்லாமல் கடலில் குதிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்காகத் தைத்த உடை. நல்ல துணி என்கிறேன். நனைந்தால் கனத்தது, விலை அதிகம், அதனால் பரவவில்லை.

*

இப்போது அமெரிக்கா. இங்கே கதைசொல்லும் முறையையே கவனிக்க வேண்டும்.

1938 ஏப்ரல் 6. டூபான்ட் கம்பெனியின் நியூஜெர்சி ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறக்கிறார். வாயு வரவில்லை. எடை மட்டும் குறையவே இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன், சுருக்கமாகப் பி.டி.எஃப்.இ., வியாபாரப் பெயர் டெஃப்லான். எதுவும் ஒட்டாது, எதுவும் அரிக்காது. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடு அரிக்காத அடைப்புகளுக்குத்தான் முதலில் உருப்படியாகப் பயன்பட்டது. தோசைக்கல்லுக்கு வந்தது பிறகு. டூபான்டில் வேலைபார்த்த பில் கோர், கம்பெனி அக்கறை காட்டாததால் வெளியேறி, 1958இல் மனைவி வீவ் கோரோடு டெலவேர் மாநிலம் நியூவார்க்கில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் டெஃப்லான் உறை போட்ட மின்கம்பி செய்ய ஆரம்பித்தார். 1969 அக்டோபரில் ஒரு இரவு மகன் பாப் கோர், சூடாக்கிய பி.டி.எஃப்.இ. குச்சிகளை மெதுமெதுவாக இழுத்துப் பார்க்கிறார். ஒவ்வொன்றும் அறுந்துபோகிறது. எரிச்சலில் ஒன்றை வெடுக்கென்று இழுக்கிறார். அது அறுபடாமல் பத்து மடங்கு நீள்கிறது, தடிமன் மட்டும் அதிகம் குறையவில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத முடிச்சுகளும் இழைகளும் நடுவில் காற்றுமாக ஒரு வலை உருவாகியிருந்தது. பெரும்பகுதி வெறும் காற்று. இதிலிருந்துதான் கோர்-டெக்ஸ் சவ்வு. 1976இல் முதல் வியாபார ஆர்டர் சியாட்டிலின் ஒரு சாமான் கம்பெனியிடமிருந்து வந்தது.

குட்இயரின் கதையிலும் ரப்பரும் கந்தகமும் தற்செயலாகச் சூடான அடுப்பின் மேல் விழுகின்றன. பிளங்கெட்டுக்கு உருளை அடைத்துக்கொள்கிறது. கோருக்குக் கோபம் வருகிறது. விபத்து என்பது தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு கதைவடிவம் என்று எனக்குப் படுகிறது. அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: அடக்கமாகவும் இருக்கிறது ('தானாக நடந்தது'), உரிமையும் கோருகிறது ('என் கையில் நடந்தது'). நடுவில் இருக்கிற சம்பளக்காரர்கள், கூலிகள், போர் ஒப்பந்தங்கள், முன்னே செய்து பார்த்தவர்கள் எல்லோரும் மேடைக்குப் பின்னால் போய்விடுகிறார்கள்.

முன்னே செய்து பார்த்தவர் ஒருவர் நிஜமாகவே இருந்தார். நியூசிலாந்தின் ஜான் கிராப்பர் 1966இலேயே பி.டி.எஃப்.இ.யை இழுத்து நீட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். குழாய் மரையில் சுற்றுகிறார்களே, அந்த வெள்ளை டேப் செய்வதற்கு. அவர் அதை வெளியிடவில்லை, ரகசியமாக வைத்துக்கொண்டார். அமெரிக்காவின் பட் கம்பெனிக்கு ஒரு இயந்திரத்தை ரகசிய நிபந்தனையோடு விற்றார். பட் கம்பெனி அதில் டேப் செய்து சந்தையில் விற்றது. பாப் கோரின் விண்ணப்பம் 1970 மே மாதம், காப்புரிமை 1976இல். பிறகு கார்லாக் என்ற கம்பெனிமேல் கோர் கம்பெனி வழக்குப் போட்டது. ஓஹையோவில் கீழ்நீதிமன்றம் 1982இல் காப்புரிமை செல்லாது என்றது. 1983இல் மேல்முறையீட்டில் நீதிபதி மார்க்கி எழுதிய தீர்ப்பு அதை முக்கிய அம்சங்களில் புரட்டிப்போட்டது. ரகசியமாகச் செய்துகொண்டு பொருளை மட்டும் விற்றவனைவிட, பிந்தி வந்தாலும் உலகத்துக்குச் சொன்னவன் பக்கம்தான் சட்டம் நிற்கும் என்பது அதன் சாரம்.

சட்டரீதியாக இதில் நியாயம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 'ஆசிரியன்' என்பவன் யார் என்று கேட்டு அலுத்துப்போன நமக்கு இது சுவாரசியமான பதில். முதலில் செய்தவன் ஆசிரியன் இல்லை. முதலில் எழுதிப் பதிவுசெய்தவன் ஆசிரியன். பொருள் கடையில் கிடந்தது, யாரும் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் சட்டத்தின் கண்ணில் அதன் செய்முறை 'இல்லை', எழுத்தில் வரும்வரை. இதே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அல்யூஷன் தீவுப் பெண்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

*

சவ்வு எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கம்பெனி ஒரு வாக்கியம் வைத்திருந்தது. சதுர அங்குலத்துக்கு 900 கோடி நுண்துளைகள். ஒவ்வொன்றும் நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறிது, நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரிது. பல பத்தாண்டுகள் கடை ஊழியர்கள் மந்திரம்போல் ஒப்பித்த வாக்கியம். கேட்டவுடன் ஒரு சித்திரம் மனசில் எழும்: வாசல்காரன் நிற்கிறான், குண்டானவனைத் தடுக்கிறான், ஒல்லியானவனை விடுகிறான்.

இந்தச் சித்திரத்தில் இரண்டு கோளாறு. ஒன்று, துளி ஒரு கோலிக்குண்டு அல்ல. அழுத்தினால் நெளிந்து ஓட்டை வழியே இழை இழையாக நுழைந்துவிடும். அதை நிறுத்துவது துளையின் அளவு மாத்திரமல்ல, அந்தப் பொருளின் வெறுப்பு. பி.டி.எஃப்.இ. நீரை ஈர்க்காது; நீரின் பரப்பு இழுவிசை அதைத் துளைவாயில் பந்தாகச் சுருட்டி நிறுத்துகிறது. துளையின் சுவரில் எண்ணெயோ சோப்போ படிந்தால் அந்த வெறுப்பு போய்விடும், நீர் உள்ளே வழியும். முதல் தலைமுறை ஜாக்கெட்டுகளுக்கு நடந்தது இதுதான். தடுத்த சவ்வைத் தோற்கடித்தது மழை அல்ல. மனித உடம்பின் எண்ணெய்ப் பசையும் அழுக்கும். உடலை வெளியிலிருந்து காக்கப் போட்ட வேலியை உடலே உள்ளிருந்து அரித்துவிட்டது.

இரண்டாவது கோளாறுதான் பெரியது. எழுபதுகளின் இறுதியிலேயே கம்பெனி இதற்குப் பரிகாரம் செய்தது. சவ்வின் உள்பக்கத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒன்றைப் பூசியது. 1980இல் இதற்கும் தனிக் காப்புரிமை. இந்தப் படலத்தில் துளையே கிடையாது. கெட்டியான, நீரை விரும்பும் பொருள். வியர்வையின் ஆவி அதில் தோய்ந்து, மூலக்கூறு மூலக்கூறாக ஊர்ந்து, மறுபக்கம் வெளிப்பட்டு, அப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற துளைகளைச் சேர்கிறது. காற்று இதன் வழியே போகாது. ஆக, 900 கோடி வாசல்களும் அப்படியே இருந்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒரு சுவர் எழுந்துவிட்டது. வாசல்காரன் கதை மட்டும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. பொருள் மாறிவிட்டது, பொருளைப் பற்றிய சொல்லாடல் மாறவில்லை. பொய் என்று சொல்லிவிட முடியாது, துளைகள் இருக்கத்தானே செய்கின்றன! குறி தன் குறிப்பீட்டை உதறிவிட்டுத் தனியே திரிவது என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ள ஒரு மழைக்கோட்டுச் சீட்டு போதும்.

நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். தோய்ந்து ஊர்ந்து வெளியேறுவது: கடற்சிங்கத்தின் குடலும் பாலியூரித்தேன் படலமும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை. அந்த இருட்டில் எரிந்த விளக்கின் கொள்கைக்குத்தான் நவீனம் சுற்றிவளைத்து வந்து சேர்ந்தது. (பின்னால் வேறு கம்பெனிகள் இந்தப் படலம் இல்லாமல், எண்ணெயையும் விலக்கும் பூச்சோடு, காற்று ஓரளவு போகிற சவ்வுகளைக் கொண்டுவந்தன. அது தனிக்கதை.)

*

எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஆவி வெளியே போய்விடாது. உள்ளே ஆவியின் அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். இதில் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வியர்த்த தோலை ஒட்டி 33 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று: அதன் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் பாதரசம். வெளியே ஸ்காட்லாந்து மழை, 5 டிகிரி என்று வையுங்கள்: காற்று ஈரத்தால் நிறைந்திருந்தாலும் 6.5தான். வித்தியாசம் 31க்கு மேல். ஆவி தள்ளிக்கொண்டு போகும். வெளியே சென்னையின் வடகிழக்குப் பருவமழை, 26 டிகிரி: அழுத்தம் 25. வித்தியாசம் 13கூட இல்லை. அதே ஜாக்கெட், அதே 900 கோடி துளைகள், பாதி வேலைகூடச் செய்யாது. இந்தத் துணிக்கு ஒரு பூகோளம் இருக்கிறது. அது 'உலகளாவியது' என்று விற்கப்படுகிறபோதும் அதன் இயற்பியலுக்குள் ஒரு வடக்கு உட்கார்ந்திருக்கிறது.

வடக்கிலும்கூட எல்லா உடலுக்கும் ஒன்றுபோல இல்லை. கடுமையாக ஏறுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்வரை வியர்க்கலாம். எந்தச் சவ்வும் அத்தனையையும் கடத்திவிடாது. சதுர மீட்டருக்கு ஒரு நாளில் இத்தனை ஆயிரம் கிராம் என்று கம்பெனிகள் அச்சிடுகிற எண்கள் ஆளுக்கொரு சோதனைமுறையில் எடுத்தவை, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை. 1993இல் ஐ.எஸ்.ஓ. ஒரு பொதுமுறை வகுத்தது: வியர்க்கும் சூடான தட்டு. அதாவது, நிற்காமல் ஒரே சீராக வியர்க்கிற ஒரு உலோகத் தகடுதான் இங்கே 'மனிதன்'.

இன்னொன்று. சவ்வு வெளியே தெரியாது. அதன்மேல் நைலான் மாதிரி ஒரு புறத்துணி ஒட்டியிருக்கும். அந்தத் துணி நனைந்து ஊறினால் ஆவி போக இடமில்லை. உள்ளே வியர்வை தங்கும். போட்டிருக்கிறவர், 'கோட்டு ஒழுகுது' என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போவார். ஒழுகியிருக்காது, அவருடைய சொந்த நீர்தான் அது. இதைத் தவிர்ப்பதற்காகப் புறத்துணிமேல் நீர் உருண்டோடுகிற பூச்சு ஒன்று. துளி முத்துமுத்தாக உருள்கிற விளம்பரப் படம் இந்தப் பூச்சின் படம், சவ்வின் படம் அல்ல. பல பத்தாண்டுகள் இந்தப் பூச்சு, எட்டுக் கார்பன் சங்கிலி கொண்ட ஃபுளூரின் சேர்மங்களால் ஆனது. துவைக்கத் துவைக்கப் போய்விடும்.

எங்கே போய்விடும்? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

*

மேற்கு வர்ஜீனியாவில் ஓஹையோ ஆற்றங்கரை ஊர் பார்க்கர்ஸ்பர்க். அதன் பக்கத்தில் டூபான்டின் ஆலை. டெஃப்லான் செய்யும்போது துணைப்பொருளாக 1951 முதல் அங்கே பி.எஃப்.ஓ.ஏ. என்ற அமிலம் பயன்பட்டது. சி-8 என்றும் பெயர், எட்டுக் கார்பனால். 3எம் கம்பெனியிடம் வாங்கியது. ஆற்றிலும் குப்பைக்குழிகளிலும் அது போய்ச் சேர்ந்தது. குப்பைக்குழியிலிருந்து வந்த ஓடையில் தண்ணீர் குடித்த ஒரு பண்ணைக்காரரின் மாடுகள் வரிசையாகச் செத்தன. உள்ளூரில் யாரும் காதுகொடுக்காததால் அவரே வீடியோ எடுத்தார். ராப் பிலட் என்ற வழக்கறிஞர் 1999இல் அவருக்காக வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாக அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய எழுபதாயிரம் பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. ஒரு விஞ்ஞானிகள் குழு ஆறு நோய்களோடு தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு என்று 2012வாக்கில் அறிவித்தது. சிறுநீரகப் புற்றுநோயும் விதைப்பைப் புற்றுநோயும் அதில் அடக்கம். 2017இல் சுமார் 67 கோடி டாலருக்கு வழக்குகள் தீர்க்கப்பட்டன. 2019இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் பி.எஃப்.ஓ.ஏ.வை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

மழைச்சட்டைக்காக ஓஹையோ ஆறு கெட்டது என்று சொல்ல வரவில்லை. தோசைக்கல், கம்பி, தரைவிரிப்பு, தீயணைக்கும் நுரை எல்லாம் உண்டு. ஜாக்கெட் அந்தக் குடும்பத்தில் ஒரு உறுப்பினர். ஆனால் அதற்குத் தனியாக ஒரு இடம் உண்டு. 2015இல் கிரீன்பீஸ் மூன்று கண்டங்களில் எட்டுத் தொலைதூர மலைப்பகுதிகளிலிருந்து பனியும் ஏரிநீரும் எடுத்துப் பார்த்தபோது இந்தச் சேர்மங்கள் எல்லா இடத்திலும் இருந்தன. 2019இல் எவரெஸ்டில் எடுத்த பனி மாதிரிகளிலும் இருந்தன. மலையேறிகளின் உடைகளும் சாமான்களும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். அமெரிக்காவில் சோதித்தால் ஏறக்குறைய எல்லோருடைய ரத்தத்திலும் இந்தக் குடும்பத்துப் பொருள் ஏதாவது ஒன்று இருக்கிறது. நீரை விலக்க உண்டான பொருள் நீரிலேயே பயணம் செய்து, குடிநீர்க் குழாய் வழியாக, எந்தச் சவ்வையும் கேட்காமல் உடம்புக்குள் வந்துவிட்டது. வேலியின் இந்தப் பக்கம் உள், அந்தப் பக்கம் புறம் என்று கோடு கிழித்த பொருளுக்கே அந்தக் கோடு தெரியவில்லை. மூக்குக்கு முகமூடி தேடினார்கள், வாய் வழியாக வந்தது.

2022இல் கோர் கம்பெனி ஃபுளூரின் இல்லாத பாலிஎத்திலீன் சவ்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டே கலிபோர்னியா, 2025 ஜனவரி முதல் புதுத் துணிகளில் இந்தச் சேர்மங்களைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கொட்டும் மழைக்கான கடுமையான வெளிப்புற உடைகளுக்கு மட்டும் 2028வரை அவகாசம். புதிய பூச்சுகள் எண்ணெயை விலக்குவதில்லை என்பதால் ஜாக்கெட்டை அடிக்கடி துவைக்கச் சொல்கிறார்கள். உடம்பின் பிசுக்கு மறுபடியும் கதைக்குள் வந்துவிட்டது.

குடல்சட்டைகளை வைத்திருக்கிற அருங்காட்சியகங்களில் இன்று வேறு ஒரு பிரச்சினை. காய்ந்த குடல் காகிதம்போல் முறியும். மடித்த இடத்தில் கீறல் விடும். அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எடுத்து உடுத்துவதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொள்வார்கள்.